வளையத்தில் கை வைக்காதீர்கள்

அந்த கிரைண்டரை எங்கள் சமையலறையில் இறக்கி வைத்த அன்று அத்தை கேட்ட முதல் கேள்வி, இதில் எத்தனை படி அரிசி ஆட்டலாம் என்பதுதான். அத்தை என்றால் என் மாமியார். ஆட்ட முடியாது, இது காப்பிக்கொட்டை மட்டும் அரைக்கிற கிரைண்டர் என்றேன். காப்பிக்கொட்டைக்கு இவ்வளவு பெரிசா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பாதிக் கோபம் வந்துவிட்டது. மீதிக் கோபம் வருவதற்கு அதிக நாள் பிடிக்கவில்லை.

நான் இடுக்கி மலையில், தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து கிள்ளினாள். நான் கிள்ளப் போகவில்லை. சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் ஒரு ரிசார்ட்டில் காப்பி கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தேன். வருடக்கணக்காக அங்கே நின்று எஸ்பிரெசோ போட்டேன். எஸ்பிரெசோ என்றால் பால் சேர்க்காமல், இரண்டு மடக்கு அளவே வருகிற கெட்டிக் காப்பி. அதில் பாலை ஊற்றிய பிறகுதான் மற்ற பெயர்களெல்லாம். கல்யாணம் ஆனதும் மலை இறங்கி, பொள்ளாச்சி ரோட்டில் கோபாலபுரம் செக்போஸ்டுக்குக் கேரளப் பக்கம் உள்ள இந்த வீட்டுக்கு வந்தேன். ரிசார்ட்டில் புது மிஷின்கள் இறங்கியபோது, நான் கையாண்ட பழைய கிரைண்டரையும் சின்ன எஸ்பிரெசோ மிஷின் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். தேங்காய் லோடு அடிக்கும் தன் டெம்போவில் அவற்றைச் சாக்கு சுற்றி ஏற்றி வந்தவர் என் கணவர். அதற்காக அவருக்கு நன்றி. இனிமேல் நன்றி சொல்ல அதிக இடம் வராது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடைக்கென்று செய்த பொருளை வீட்டில் வைத்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. நாள் முழுக்க ஓடுவதற்குப் பிறந்தது அது. வீட்டிலோ காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். மேலே இருக்கும் புனல் நிறையக் கொட்டையைப் போட்டு வைத்தால் வாசம் செத்துவிடும். வேண்டியதை வேண்டியபோது நிறுத்துப் போட வேண்டும். உள்ளே பல் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள். ஒன்று சுற்றும், ஒன்று நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் காப்பி. அதைக் கூட்டவும் குறைக்கவும் புனலுக்குக் கீழே ஒரு வளையம். ஒரு நெல் அகலம் அந்த வளையம் நகர்ந்தால் போதும், வேறு காப்பியாகிவிடும். தூள் கொஞ்சம் பருத்தால் தண்ணீர் சரசரவென்று ஓடி, வெளிறிப்போய் புளிப்பாக வரும். கொஞ்சம் நைசானால் அடைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக, தீய்ந்த கசப்போடு வரும். நடுவில் ஓர் இடம் உண்டு. அங்கே வளையம் நின்றால் நல்லெண்ணெய் ஊற்றுவது போல அறாமல் இறங்கும்.

அந்த இடமும் ஒரே இடமாக நிற்காது. இன்றைக்கு வறுத்த கொட்டைக்கு ஓர் இடம், போன வாரத்துக் கொட்டைக்கு ஓர் இடம். தை மாதக் காற்று இந்தப் பாலக்காட்டுக் கணவாயில் வீசி உதட்டை வெடிக்க வைக்கும்போது ஓர் இடம், மழைக்கு வேறு இடம். நைசாக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்தி வைத்துத் திருகினால் தகடுகளுக்கு நடுவில் கொட்டை சிக்கி இறுகிவிடும். திருகியபின் முதலில் வரும் தூளை எறிந்துவிட வேண்டும், ஏனென்றால் அது பழைய அளவில் அரைபட்டு உள்ளே தங்கியிருந்த தூள். இவ்வளவையும் நான் இந்த வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். காதில் வாங்கிக்கொண்டவர் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலைகளில் அது மக்கர் பண்ணத் தொடங்கியது. வியாழக்கிழமை மாலை வரை அழகாக ஓடியிருக்கும். வெள்ளிக்கிழமை சுவிட்சைப் போட்டால் உறுமும், சுற்றாது. நானும் புனலைக் கழற்றி, திருகாணிகளைக் கழற்றி, சிக்கிய கொட்டையை ஊக்கால் நோண்டி எடுத்து, மறுபடி பூட்டி, மறுபடி இடம் தேடுவேன். கரண்டைத் திட்டினேன். சுற்றிலும் தென்னந்தோப்புகளில் மோட்டார் போடுகிறவர்களைத் திட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை சீக்கிரமே எழுந்து சமையலறைக்கு வந்தபோதுதான் கண்ணால் பார்த்தேன். அத்தை குளித்துவிட்டு ஈரத்தலையோடு சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடுப்புக்குப் பொட்டு வைத்தார். மிக்ஸிக்கு வைத்தார். பிரிட்ஜுக்கு வைத்தார். கிரைண்டருக்கு வந்ததும், போன வாரம் வளையத்தின் மேல் வைத்த பொட்டு பக்கவாட்டில் ஒதுங்கியிருப்பதைப் பார்த்து, குழாயைத் திருகுவது போல வளையத்தைத் திருகி, பொட்டை நேர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, அதன் மேலேயே புதுப் பொட்டு வைத்தார்.

"அத்தை!" என்று நான் போட்ட சத்தத்தில் சந்தனக் கிண்ணம் ஆடிவிட்டது.

"ஏன் அம்மிணி இப்பிடிக் கத்தற? பொட்டு செவத்தப் பாத்துட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? முன்னால பாக்கோணுமல்லோ. நீ வாரம் பூரா திருப்பித் திருப்பி உட்டர்றே, நானும் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் சரி பண்ணி வெக்கறேன்."

சரி பண்ணி வைக்கிறாராம். சிரிக்க வேண்டிய விஷயம் என்று இப்போது சொல்கிறார்கள். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை. புனலின் மூடியில் வையுங்கள் அத்தை, வளையத்தில் வேண்டாம் என்று கெஞ்சி, கடைசியில் வளையத்தைச் சுற்றி ஒரு துணி கட்டி வைத்தேன். என் பொருளுக்கு நானே கட்டுப் போட வேண்டியிருந்தது.

கோபத்துக்குக் காரணம் வெறும் காலைக் காப்பி இல்லை. எங்கள் வீட்டு முகப்பில், ரோட்டைப் பார்த்து, ஷட்டர் வைத்த ஓர் அறை இருக்கிறது. முன்பு உரக்கடைக்கு விட்டிருந்தார்கள்; பிறகு பூட்டியே கிடந்தது. அந்த அறை எனக்கு வேண்டும் என்று வந்த நாளிலிருந்தே ஆசைப்பட்டேன். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் போகிற வண்டிகள் முழுக்க அதன் எதிரில்தான் ஓடுகின்றன. ஒரு மேஜை, என் இரண்டு மிஷின்கள், நான். அது போதும். ஆனால் வீட்டுக் காரியம் எல்லாம் கணவரின் அண்ணன் கையில். அவர் எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி அருகே இருக்கிறார். அறைச் சாவியும் அவரிடம். டயர் கடைக்கு ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் என் கணவர் மூலம் கேட்டேன், பிறகு நேரிலேயே கேட்டேன். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மாமா நல்ல மனுஷர், யாரையும் கடிந்து பேச மாட்டார். "ஒரு நா வந்து குடிச்சுப் பாக்கறேன் அம்மிணி. நல்லாருந்தா டயர்க்காரனுக்கு இல்லைன்னு சொல்லிப்போடறேன்" என்றார்.

அந்த ஒரு நாளுக்காக நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. காந்தலூரில் ஜீப் ஓட்டும் என் தம்பி, அங்கே ஒரு தோட்டத்துக் கொட்டையை நான் சொன்ன பதத்தில் வறுத்து அனுப்பினான். சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் என் அக்கா, மாமா வீட்டுக்கென்று பச்சை மாறாத ஏலக்காயைப் பொட்டலம் கட்டி அதோடு கொடுத்துவிட்டாள். மாமா வருவதற்கு முந்தின நாள் முழுக்க வளையத்தோடு மல்லுக்கட்டினேன். அரைப்பது, போடுவது, வாயில் வைப்பது, ஊற்றிவிடுவது, ஒரு நூல் நகர்த்துவது, மறுபடி அரைப்பது. கடைசியில் அந்த இடம் கிடைத்தது. வாயில் வைத்ததும் முதலில் கசந்து, பிறகு நாரத்தைத் தோலைக் கடித்தது போல ஒரு மணம் வந்து, தொண்டையில் இனிப்பாக நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாளைக்கு வேண்டிய கொட்டையைப் புனலில் போட்டு மூடி, யாரும் தொடக்கூடாது என்று எல்லோரிடமும் சொன்னேன். வழக்கமாக அப்படிப் போட்டு வைக்க மாட்டேன். மறுநாள் மாமாவின் எதிரில் தடுமாறக் கூடாதே என்றுதான் செய்தேன்.

மாமா வந்தார். ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழி, வெள்ளை வேட்டி, அவசரம். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அத்தை ஒரு பக்கம், என் கணவர் ஒரு பக்கம். நான் சுவிட்சைப் போட்டேன். கிரைண்டரின் சத்தம் எனக்குப் பிள்ளையின் அழுகை மாதிரி, எதற்கு அழுகிறது என்று தெரியும். அன்றைக்கு வந்த சத்தம் எனக்குத் தெரியாத சத்தம். நறநறவென்று எதையோ மென்றது. கூடவே குபீரென்று ஒரு வாசம் வீடு முழுக்கக் கிளம்பியது.

"ஆஹா" என்றார் மாமா.

ஏலக்காய். நிறுத்திவிட்டுப் புனலைத் திறந்தேன். என் காந்தலூர்க் கொட்டைக்கு நடுவில் முழு முழு ஏலக்காய்கள், தோலோடு. எனக்குக் கோபம் வந்தால் எஸ்டேட் தமிழ் வந்துவிடும்.

"யாரு இதுல கை வச்சது? என்ன வேலை செஞ்சு வச்சிருக்கீக?"

என் கணவருக்கு முகமெல்லாம் பெருமை. "நாந்தான் புள்ள. அண்ணனுக்கு ஏலக்கா வாசம்னா உசுரு. டீத்தூள் டப்பால ஏலக்கா போட்டு வெப்போமல்லோ, வாசம் ஏறோணும்னு. அது மாதிரி ராத்திரியே மேல போட்டு வெச்சேன்."

எங்கள் பக்கத்தில் டீத்தூள் டப்பா என்று ஒன்று இருந்தால் அதற்குள் ஏலக்காய் கிடக்கும். அதை நான் அறியாதவள் இல்லை. ஆனால் டப்பாவில் கிடக்கிற ஏலக்காய் அங்கேயே கிடக்கும். புனலில் போட்டது நேரே தகட்டுக்குள் இறங்கும். தோல் நார் நாராகப் பல்லில் சுற்றிக்கொண்டிருந்தது. எண்ணெய் கசிந்து தூள் கட்டி கட்டியாக வாயில் ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் புதிதாகப் போடுகிறேன், கொஞ்ச நேரம் இருங்கள் மாமா என்றேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது, இருக்கிறதைப் போடு என்றார். அந்தத் தூளையே அழுத்தி மிஷினில் மாட்டினேன். இறங்கவே இல்லை. மூக்கு ஒழுகுவது போலக் கறுப்பாகச் சொட்டியது. அதில் என் கணவரே பாலை நிறைய ஊற்றி, சர்க்கரையைப் போட்டு, ஆற்றி அண்ணன் கையில் கொடுத்தார்.

மாமா குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "சோக்கா இருக்குது. இப்பிடி ஒரு காப்பி நாங் குடிச்சதே இல்லை."

"மாமா, அது ஏலக்காய் வாசம். காப்பி அப்படி இருக்காது. நான் போட்டதை நீங்க இன்னும் குடிக்கவே இல்ல."

அவர் சிரித்தார். பிள்ளைகள் அடம்பிடித்தால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. எழுந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். நான் கையை நீட்டினேன். உண்மையாகவே நீட்டினேன், அத்தையும் பார்த்தார். சாவி என் கையைத் தாண்டிப் போய் என் கணவரின் கையில் விழுந்தது.

"தம்பி, கடையப் போடு. ஏலக்கா காப்பின்னே போர்டு வெச்சிரு. ரோட்டுமேல பொம்பளப்புள்ள நிக்க வேண்டாம். அம்மிணி உள்ள இருந்து அரைச்சுக் குடுக்கட்டும், போதும்."

வருடக்கணக்காகக் கவுண்டரில் நின்று, வந்தவர் போனவருக்கெல்லாம் காப்பி போட்டவள் நான். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது மாமா சொன்னதால்கூட இல்லை. என் கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணா, இது அவள் கேட்ட அறை என்று. அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டி வரை அண்ணனை வழியனுப்பப் போனார்.

தகடுகளைக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, நாரை ஒவ்வொன்றாக ஊசியால் எடுத்தேன். பழங்கொட்டையைக் கிலோக்கணக்கில் அரைத்து அரைத்துக் கொட்டினேன். வாசம் போவேனா என்றது. அக்காவின் தோட்டத்து ஏலக்காய் அவ்வளவு நயம். அவள் மேலும் கோபம் வந்தது, அவள் என்ன செய்வாள் பாவம்.

கடை வந்தது. ஏலக்காய் காப்பி என்று போர்டும் வந்தது. கிரைண்டர் முன்னறைக்குப் போயிற்று, நான் பின்னால் இருந்தேன். புனலில் மட்டும் போட மாட்டேன் என்று என் கணவர் சத்தியம் செய்து, மிக்ஸியில் பொடித்த ஏலக்காயைக் கோப்பைக் கோப்பையாகத் தூவினார். வளையத்தை இஷ்டத்துக்குத் திருகினார். சரியாக இறங்கவில்லையென்றால் "ஏம்புள்ள, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போயேன்" என்று குரல் வரும். நான் போய் ஒரு நூல் நகர்த்திவிட்டு வருவேன். ஏன் போனேன் என்று என்னையே திட்டிக்கொண்டு வருவேன். அடுத்த தடவையும் போவேன். அந்தப் பாழும் மிஷின் தப்பாக ஓடுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியாது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஆட்கள் இறங்கி முன்னறை நிரம்பியது. மழைநாளில் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நேற்று சரியாக இருந்த வளையம் இன்றைக்கு அடைக்கும். அவர் பருமனாக்க வேண்டியவர் நைசாக்கியிருந்தார், அதுவும் மோட்டாரை நிறுத்தி வைத்து. உறுமல் பின்கட்டு வரை கேட்டது. கூடவே அவர் குரலும் கேட்டது. நான் முன்னறைக் கதவு வரை போனேன், உள்ளே போகவில்லை.

"சாவியைக் குடுங்க, வர்றேன்."

"என்ன புள்ள, ஆளுக நிக்கறாங்க."

"நிக்கட்டும். இந்த ரூம் சாவி எங்கிட்ட இருக்கணும். நீங்க டெம்போவை எடுத்துட்டு உங்க லோடுக்குப் போங்க. தராட்டி நீங்களே திருகிக்கங்க, நான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் மட்டும் "அதானே" என்றாள். அவர் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார், கிரைண்டரைப் பார்த்தார். சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். நான் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன். தகட்டைக் கழற்றிப் பூட்டி, இடம் கண்டுபிடிக்கும் வரை வேன்காரர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. சிலர் அலுத்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டார்கள். இருந்தவர்களுக்கு ஏலக்காய் இல்லாத காப்பி கொடுத்தேன்.

சாவி வந்துவிட்டதே, இன்னும் என்ன கோபம் என்று என் கணவர் கேட்கிறார். யாரும் எனக்கு அதைக் கொடுக்கவில்லை என்பதுதான் கோபம். மழை பெய்ததால் வந்த சாவி அது. வெயில் அடித்திருந்தால் நான் இன்னும் பின்கட்டில்தான் இருந்திருப்பேன். டெம்போ பழையபடி லோடுக்குப் போகிறது. அவரும் முன்னைவிடச் சந்தோஷமாகத்தான் இருக்கிறார், வளையத்தைக் கண்டால் அவருக்கு ஒரே பயம். போர்டை நான் மாற்றவில்லை, கழற்றிவிட்டேன்.

போன மாதம் மாமா வந்தார். மேஜைக்கு முன்னால் ராஜா மாதிரி உட்கார்ந்து, "அம்மிணி, ஒரு காப்பி" என்றார். நான் அரைத்து, அழுத்தி, மாட்டினேன். நன்றாக இறங்கியது. அவருக்காகப் பால் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். அதற்குள் ஒரு கார் நின்று கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் இறங்கி வந்தார். வாசத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "இந்த இடத்துல இப்பிடி ஒரு கடையா? யாரு கடைங்க இது?" என்று பொதுவாகக் கேட்டார்.

மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என்ற தம்பி கடைங்க" என்றார். மனுஷர் அதைப் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாமாவுக்கென்று நீட்டிய கோப்பையை அப்படியே திருப்பி அந்த ஆளிடம் கொடுத்தேன்.

"என் கடைங்க," என்றேன். "குடிச்சுப் பாருங்க."

அவர் குடித்தார். நான் அடுத்த கோப்பைக்கு நிதானமாகக் கொட்டையை நிறுக்க ஆரம்பித்தேன். மாமா காத்திருந்தார்.